ஜேவைக் கழற்றும் வெள்ளிக்கிழமை

"ஐயோ, ரத்தம்!"

முள்ளிப்பட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் போட்ட சத்தத்தில் ஜெயப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா பச்சையப்பனின் சட்டை வயிற்றுப் பக்கம் சிவந்திருந்தது.

"ரத்தம் இல்லீங்க... சாயம்!" என்று முறைத்தாள்.

உணவுக்குழாய் ஆபரேஷனின்போது, கஞ்சி ஊற்றுவதற்காக அப்பாவின் வயிற்றில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தத் தையல் காலையில் விட்டுப்போனது. தறிக்காரர் மகள் வேறென்ன செய்வாள்? கைக்குக் கிடைத்த சிவப்புப் பட்டு இழையால் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டாள். கசிந்த ஈரத்தில் சாயம் ஓடிவிட்டது.

"இன்னாங்க இது? டியூபுன்னு நெனச்சீங்களா, முகூர்த்தப் பொடவைன்னு நெனச்சீங்களா?" என்றான் அதே பக்கத்து சீட்டுக்காரன், சட்டையை விலக்கிப் பார்த்து.

"நீங்க யாருங்க அதக் கேக்க?"

"நர்சுங்க. பேரு தீனா. டியூபு வெளிய வந்துகினு இருக்கு. இதுல ஒரு சொட்டு ஊத்தாதீங்க. ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

வாய் அதட்டினாலும், கை எத்தனை பதமாக அப்பாவின் வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டியது! அவன் கண்கள்... சே, இந்த நேரத்தில் கண்ணைப் பார்க்கிறாளே பாவி மகள்!

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து மறுபடி தைத்தார்கள். தீனாவுக்கும் அங்கேதான் வேலை. அன்றிலிருந்து குழாயைப் பார்த்துக்கொள்ள அடிக்கடி வீட்டுக்கு வந்தான். கசிவில் வெந்துபோன தோலுக்கு மருந்து தடவினான். வடிகட்டாத கஞ்சி குழாயை அடைத்துக்கொண்டபோது, வெந்நீர் செலுத்திப் பொறுமையாகத் திறந்துவிட்டான். அப்பாவிடம் தேனாய்ப் பேசுவான். அவளுக்கு மட்டும் திட்டு. அந்தத் திட்டுக்காகவே அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால்... அந்த நான்சி!

வேலை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். "சொல்லு நான்சி..." என்று ஒரு சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை ஜெயப்ரியா ஒருநாளும் வாங்கியதில்லை. யார் அவள்? சிவப்பாக இருப்பாளோ? கன்னத்தில் குழி விழுமோ? நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அன்றைக்கு அவன் டீயில் சர்க்கரையே போடவில்லை.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், தூறலில் கொடித் துணி எடுக்கப் போனவளின் காதில் விழுந்தது.

"ஜே ரொம்பப் பேஜார் குடுத்துகினு இருந்துச்சி நான்சி. இனிமே தேவையில்ல. வெள்ளிக்கிழமை கழட்டிடலாம்."

ஜெயப்ரியா அப்படியே நின்றுவிட்டாள். ஜே... அவள்தான்! இருந்துச்சியாம், தேவையில்லையாம். கழட்டி விடப் போகிறானாம், அதையும் அந்த நான்சியிடம் சொல்லிச் சிரிக்கிறான்!

நேரே அவன் முன்னால் போய் நின்றாள். "கழட்டி வுடறதுன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. ஊர்ல இருக்கறவகிட்ட இன்னாத்துக்கு?"

தீனா திருதிருவென்று விழித்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"ஐயோ... ஜேன்னா அப்பாவோட டியூபுங்க! அதோட இங்கிலீஷ் பேரு ஜேல ஆரம்பிக்கும், ஆஸ்பத்திரில சுருக்கமா அப்டித்தான் சொல்லுவோம். நான்சி அப்பாவுக்குத் தையல் போட்ட வார்டு சிஸ்டர். அப்பா இப்ப வாயாலயே நல்லா சாப்புடறாரு இல்ல? டாக்டர் எடுக்கச் சொல்லிட்டாரு."

அவளுக்கு மானம் போனது. ஆனாலும் வயிற்றெரிச்சல் போகவில்லையே!

"டியூபப் பத்திப் பேச அவ்ளோ சிரிப்பா?"

அவன் சிரிப்பு நின்றது. "நான்சி என்னக் கட்டிக்கிறியான்னு கேட்டுச்சிங்க."

மழை வலுத்தது. துணிகள் நனைந்தன. அவள் நகரவில்லை.

"இன்னா... சொன்னீங்க?"

"என் மனசு முள்ளிப்பட்டுல இருக்குன்னு சொல்லிட்டேன். அன்னிலேந்து அது என்னக் கிண்டல் பண்ணிகினு இருக்கு. உங்ககிட்ட சொல்லத்தான் தைரியம் வரல. நர்சு வேலைக்கு வந்தவன் பொண்ணு கேட்டான்னு அப்பா நெனச்சிட்டா? இப்ப டியூபையும் எடுத்துடுவாங்க. நல்லதுதான்... ஆனா வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எந்த சாக்குல நான் இங்க வர்றது?"

ஜெயப்ரியாவுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த வீம்பு எங்கே போனதோ!

"சாக்கெல்லாம் வேணாம். அப்பாகிட்ட நானே சொல்றேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு... நான்சி இல்ல, எவ கேட்டாலும் உங்களக் குடுக்க மாட்டேன்."