ஷட்டரின் உட்பக்கம்

துப்பறிவாளரின் அறைக்குள் வந்த பெண் உட்காரக்கூட இல்லை.

"எங்கப்பாதான் அத்தனை பேரையும் கொன்னாருன்னு சுவத்துல எழுதி வெச்சிருக்காங்க சார். நாளைக்குத் திறப்பு விழா. இனி உசிரோட இருந்து என்னன்னு அம்மா கேக்குறாங்க."

ஊர் நடுவே இருக்கும் வணிக வளாகத்துக்குப் பொன்விழா. அதன் வரலாற்றைச் சொல்ல ஒரு கூடம் அமைத்திருந்தார்கள். வளாகம் கட்டிய புதிதில் அங்கே ஒரு துணிக்கடையில் தீப்பிடித்து, விற்பனைப் பெண்களும் காவலாளியும் இறந்துபோனார்கள். தப்பிக்க இருந்த ஒரே வழியான பின்பக்க ஷட்டரை உள்ளிருந்து பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைத்த காவலாளிதான் காரணம் என்றது அங்கிருந்த பலகை. அவருடைய மகள்தான் இவள்.

"கடை முதலாளியே கொளுத்தியிருப்பான் சார்!" என்று வெறுங்காலோடு வாசலுக்குப் பாய்ந்தான் உதவியாளன். அவனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை.

"முதல்ல செருப்பைப் போடு," என்றார் துப்பறிவாளர்.

அந்தப் பெண்ணோடு போன அவர்களுக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டியவர் அந்தத் துணிக்கடையின் பழைய மேனேஜர். அந்த ஷட்டரே அங்கே நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. சூட்டில் நெளிந்து ஏறாமல் போனதால் தீயணைப்புக்காரர்கள் நடுவில் வெட்டித்தான் உள்ளே போனார்களாம்.

"கரியைக்கூடத் துடைக்க விடல. செத்தவங்களுக்கு நாங்க செய்யற மரியாதை," என்றார் மேனேஜர்.

"ரெண்டு பக்கமும் பூட்டு வளையம் இருக்கே?" என்றார் துப்பறிவாளர்.

"வெளிப்பூட்டுச் சாவி எப்பவும் என் இடுப்புலதான். யாருக்கும் கொடுத்ததில்ல. சரக்கைச் சரிபார்க்கிற வரைக்கும் ஆளுங்க வெளியே போகக் கூடாதுன்னு தினமும் நான்தான் பூட்டுவேன். அன்னைக்கு மட்டும் பூட்டல. அவனே உள்பக்கம் பூட்டிக்கிட்டான்."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க அவசரத்துக்குத் துணிவில்லை.

துப்பறிவாளர் டார்ச்சை எடுத்தார். "அடுப்படிச் சுவத்துல ரொம்ப நாள் தொங்கின காலண்டரைக் கழட்டினா என்ன தெரியும்?"

"அது இருந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கும் சார்," என்றான் அவசரம்.

"உள்பக்க வளையத்தைப் பாரு."

பார்த்தான். வளையம், அதன் பின்புறத் தகடு, எல்லாம் ஒரே கரி. பூட்டு தொங்கியிருந்தால் அதன் மறைவில் கொஞ்சமாவது தகடு வெளுத்திருக்க வேண்டும். வெளிப்பக்கம் ஓடினான். அங்கே இடுக்குகள் வழியே கசிந்த புகை லேசாகப் படிந்திருந்தது. வளையத்தின் கீழே மட்டும் பூட்டளவுக்கு வெளுப்பு.

"உள்ளே பூட்டே இல்ல. தீ எரியறப்போ பூட்டு வெளியிலதான் தொங்கியிருக்கு," என்றார் துப்பறிவாளர். "அதை அப்புறம் கழட்டினவர் கையில சாவி இருந்திருக்கணும். அது யார் இடுப்புல இருந்துச்சுன்னு இப்பதான் கேட்டோம்."

மேனேஜரின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"தட்டுற சத்தம் கேட்டுச்சு," என்றார். "வீட்டுக்குப் போற அவசரத்துல தட்டுறாங்கன்னு நெனைச்சேன். புகையைப் பார்த்துட்டு ஓடி வந்து பூட்டைத் திறந்தேன். ஷட்டர் ஏறல."

"யார் தட்டினது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உங்க அப்பாதாம்மா. பொண்ணுங்களையாவது வெளியே விடுங்க சார்னு கத்திக்கிட்டே இருந்தாரு."

அவள் அவரைத் திட்டவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, அப்பா பூட்டலம்மா," என்றாள். "திறக்கச் சொல்லித் தட்டியிருக்காரு."