மலைக்குப் போகும் முன் வாலு சொன்னது

நான்காம் மாடிப் படிக்கட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் வாலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. முதுகுப்பை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அம்மா இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குள்ளிருந்து 'கீச்... கீச்...' என்று ஒரு சத்தம் வந்தது.

"அம்மா!"

அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். கையிலிருந்த எதையோ சட்டென்று பைக்குப் பின்னால் தள்ளினாள்.

வாலுவுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது மட்டும்தான் அது வெளியே வரும். மற்ற நேரமெல்லாம் வாலு, வாலு, வாலுதான்.

அன்றைக்கு லிப்ட் ஓடவில்லை. அதனால்தான் கீழே விளையாடிவிட்டு அவள் படிக்கட்டில் ஏறி வந்தாள். லிப்ட் ஓடியிருந்தால் இந்தக் காட்சி கண்ணிலேயே பட்டிருக்காது.

அம்மா தினமும் மாலையில் படி ஏறுகிறாள் என்பது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். பையில் தண்ணீர் பாட்டில்களையும் தடித்தடியான பல் மருத்துவப் புத்தகங்களையும் திணித்து முதுகில் மாட்டிக்கொள்வாள். தரைத்தளத்திலிருந்து மொட்டை மாடிவரை போய்த் திரும்புவாள். எல்லாம் மலை ஏறுவதற்கான பயிற்சி. விடுமுறையில் அம்மாவும் வாலுவும் ஒரு குழுவோடு வெளிநாட்டுக்குப் போய்ப் பனிமலையில் நடக்கப் போகிறார்கள்.

"இன்னைக்கும் ஜிவ்வுனு மேல வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்!" என்பாள் தினமும். அப்பாவும் அதை நம்பி, எதிர்வீடு பக்கத்துவீடு என்று தண்டோரா போட்டுக்கொண்டிருந்தார்.

ஜிவ்வென்று ஏறுகிற லட்சணம் இதுதானா?

"அது என்னம்மா, பைக்குப் பின்னாடி?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததை எதுக்கு ஒளிச்சு வைக்கிற?"

அம்மா பையை நகர்த்தினாள். ஒளித்ததை எடுத்துக் காட்டினாள். மூச்சுத் திணறலுக்கு வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர்.

"சின்ன வயசுல எனக்கு வீசிங் இருந்தது. அப்புறம் அது இருந்த இடமே தெரியாமப் போச்சு. இந்தக் குளிர் ஆரம்பிச்சதும் திரும்பி வந்திருக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"விசில் அக்காவுக்கு?"

"ஐயையோ! அவங்களுக்குத் தெரியவே கூடாது!"

விசில் அக்காதான் அவர்களை மலைக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி. கழுத்தில் எப்போதும் ஒரு ஆரஞ்சு நிற விசில் தொங்கும்.

"வாலு, கேளு" என்று அம்மா குரலைத் தாழ்த்தினாள். "காலேஜ்ல எல்லாரும் மலை ஏறப் போனோம். எனக்கு வீசிங்னு தெரிஞ்சதும் அடிவாரத்துல பஸ்லயே உட்கார வெச்சுட்டாங்க. நாள் பூரா எல்லாரோட பைக்கும் நான்தான் காவல். இந்தத் தடவையும் அப்படி ஆகக் கூடாது. நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

வாலு திருதிருவென்று விழித்தாள். இது அவள் பேச வேண்டிய வசனம் ஆயிற்றே! எதையாவது உடைத்துவிட்டு, 'அப்பாகிட்டச் சொல்லிடாதம்மா' என்று கெஞ்சுவது அவள் வேலை. இன்று அம்மா கெஞ்சுகிறாள்.

என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அம்மாவின் கை சில்லென்று இருந்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் வழக்கம்போல அம்மாவின் பல் மருத்துவமனைக்குப் போனாள். கிராம்பு மணக்கும் அந்த அறையின் மூலையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

சாய்வு நாற்காலியில் ஒரு லாரி டிரைவர் படுத்திருந்தார். மலை மாதிரி உடம்பு. கன்னம் பன் போல வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா வலிக்குது?" என்று அம்மா கேட்டாள்.

"நேத்துலேர்ந்துதான் டாக்டர்."

"பொய். இந்தப் பல்லு ஒரு மாசமா உங்களைப் படுத்தியிருக்கு. என்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க? மறைச்சா வலி போயிடுமா?"

"பிடுங்கிடுவீங்களோன்னு பயம், டாக்டர்" என்றார் அந்த மலை, சின்னக் குரலில்.

வாலுவின் பென்சில் அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே அம்மாவின் கண்களும் அவளைப் பார்த்தன. அடுத்த நொடி அம்மா விளக்கைச் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது வாலு மெல்ல ஆரம்பித்தாள். "நீயே விசில் அக்காகிட்ட சொல்லிடேன்மா."

"சொன்னா விட்டுட்டுப் போயிடுவாங்க."

"சொல்லாமப் போய் மேல உனக்கு மூச்சு முட்டினா?"

"முட்டாது. பேசாம வா."

வாலு பேசாமல் வந்தாள். ஆனால் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னால் சத்தியம் போய்விடும். சொல்லாவிட்டால்? அதற்கு மேல் நினைக்கவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குழுவினர் எல்லோரும் ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் கூடினார்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பைகளை நடுவில் கொட்டி, எதை எடுத்துப்போகலாம், எதை வீட்டில் விடலாம் என்று விசில் அக்கா பார்த்தார்.

அம்மாவுக்கு அடுத்து மீசை மாமா உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. மீசை இரண்டு பக்கமும் பூனை வால் போல வளைந்திருக்கும். அவர் பையிலிருந்து ஒரு இஸ்திரிப்பெட்டி வந்தது.

"மலையில இது எதுக்கு சார்?" என்றார் விசில் அக்கா.

"சட்டை கசங்கினா எனக்குப் பிடிக்காது."

"கரண்ட் கிடையாதே சார்!"

மீசை மாமாவின் முகம் தொங்கிப்போனது. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

பைகளைப் பார்த்து முடித்ததும் விசில் அக்கா நடுவில் வந்து நின்றார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒரு விஷயம் நல்லாக் கேட்டுக்கோங்க. மேல போகப் போகக் காத்து குறையும். இங்க சின்னதா இருக்கிற தொந்தரவு அங்க பெருசாயிடும். ஹெலிகாப்டர் நாம கூப்பிட்டதும் ஓடி வராது. பனிமூட்டம்னா வரவே வராது. போன வருஷம் ஒருத்தர் நெஞ்சு வலியை என்கிட்ட மறைச்சுட்டார். நாங்க ஆறு பேர் அவரைத் தூக்கிக்கிட்டு இறங்கினோம். பிழைச்சார். ஆனா மயிரிழையில."

விசில் அக்கா வட்டத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார்.

"அதனால ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்களைப் பத்தி நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா?"

புதிதாகத் திருமணமான ஒரு ஜோடி இருந்தது. "இல்லை" என்றார் மனைவி. "இல்லை" என்றார் கணவர். "நானா? இரும்பு மாதிரி இருக்கேன்!" என்றார் மீசை மாமா.

அடுத்தது அம்மா.

வாலு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அம்மா விரல்களைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.

வாலுவுக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியது போல இருந்தது. இவ்வளவு கேட்ட பிறகும் இல்லையா? அம்மாவா இப்படி?

"நீ சொல்லும்மா, குட்டி" என்றார் விசில் அக்கா.

வாலு எழுந்து நின்றாள். அம்மா அவள் சட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். 'சொல்லாதே' என்று அந்தக் கை சொன்னது.

"என்னைப் பத்தி ஒண்ணு இருக்கு" என்றாள் வாலு.

காது இரண்டும் சுட்டன. ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு... எனக்குப் பயம் வந்தா உடனே ஒண்ணுக்கு வந்துடும். அடக்க முடியாது. போன வருஷம் ஸ்கூல் மேடையிலயே... எல்லார் முன்னாடியும்... போயிட்டேன்."

அம்மாவின் கை சட்டையிலிருந்து நழுவியது. அவளுக்கே இது தெரியாது! மேடையில் தண்ணீர் கொட்டிவிட்டது என்றல்லவா வாலு சொல்லியிருந்தாள்?

யாரும் சிரிக்கவில்லை. விசில் அக்கா அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "நல்லவேளை சொன்னே. பயமா இருந்தா என் கையைப் பிடிச்சு ரெண்டு தடவை அழுத்து. நான் எல்லாரையும் நிறுத்திடறேன். காரணம் யாரும் கேட்க மாட்டாங்க. சரியா?"

வாலு தலையாட்டினாள்.

அப்போது பக்கத்தில் ஒரு செருமல் கேட்டது.

"நான்... வாக்குமூலத்தை மாத்திக்கலாமா?" என்றார் மீசை மாமா. "எனக்கு உயரம்னா பயம். பால்கனியில நின்னாலே கால் வெடவெடங்கும்."

எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"பின்னே மலைக்கு ஏன் சார் பேர் குடுத்தீங்க?"

"பேத்தி கேலி பண்றா."

அதற்குள் புதுக் கணவர் கையைத் தூக்கினார். "எனக்கு இடது காது சரியாக் கேட்காது. நீங்க விசில் அடிச்சா எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு தெரியாது."

அவருடைய மனைவி அதிர்ச்சியில் பாதி எழுந்துவிட்டார். "என்னது! அப்போ நான் கூப்பிட்டா நீ திரும்பாததுக்கு அதுதான் காரணமா?"

"ஆமா."

"வலது பக்கம் நின்னு கூப்பிட்டப்பவும் திரும்பலையே!"

கூடமே வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும்போதுதான் வாலு பார்த்தாள். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "எனக்கு வீசிங் இருக்கு. நாலு மாடிக்கு மேல ஏற முடியலை. தினமும் பாதியில உட்கார்ந்துட்டு, மேல போயிட்டு வந்ததா வீட்டுல சொல்லிட்டிருந்தேன்."

விசில் அக்கா அம்மாவின் எதிரில் வந்து நின்றார்.

"டாக்டர், நீங்களா?" என்றார். "இது மலை மேல தெரிய வந்திருந்தா..."

"தெரியும்."

"உங்க பொண்ணும் பக்கத்துல இருந்திருப்பா."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வர முடியாதுன்னா சொல்லிடுங்க. பரவாயில்லை."

"அதை நான் சொல்லக் கூடாது. நுரையீரல் டாக்டர் சொல்லணும். அவர் சரின்னா வாங்க. வேண்டாம்னா நானே வீட்டுக்கு வந்து உங்களைக் கட்டிப்போடுவேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா வாலுவின் கையை விடவில்லை.

"ஏன்டி எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னே? உனக்கு வெட்கமா இல்லை?"

"ரொம்ப வெட்கமா இருந்துது" என்றாள் வாலு. "ஆனா சத்தியத்தை மீறலையே. என்னோடதை மட்டும்தானே சொன்னேன்?"

அம்மா நடுத்தெருவில் நின்று அவளை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கரண்டியும் கையுமாக அப்படியே உறைந்துவிட்டார். "எதிர்வீடு பக்கத்துவீடு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேனே!" என்று முதலில் புலம்பினார். பிறகுதான் பயம் வந்தது. அன்று மாலையே இருவரையும் இழுத்துக்கொண்டு நுரையீரல் மருத்துவரிடம் ஓடினார்.

மருத்துவர் அம்மாவை, மூச்சின் பலம் பார்க்கும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். "இன்னும்... இன்னும்... விடாதீங்க..." என்று விரட்டினார். பல் டாக்டருக்குக் கன்னம் சிவந்து கண் பிதுங்கியது. பிறகு அரைமணி நேரம் திட்டு வாங்கினாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தினமும் போட வேண்டிய மருந்தை எழுதிக் கொடுத்து, "ஒரு மாசம் கழிச்சு வாங்க. அப்ப பார்க்கலாம். சரின்னு சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க" என்றார் மருத்துவர்.

அந்த ஒரு மாதம் ஆமை போல நகர்ந்தது. அம்மா மருந்தை ஒரு நாளும் தவறவிடவில்லை. படி ஏறும்போது இனி தனியாகப் போகவில்லை. ஒரு பக்கம் வாலு, இன்னொரு பக்கம் அப்பா. நான்கு மாடி ஐந்தாயிற்று. ஐந்து ஏழாயிற்று. அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

அம்மா மறுபடி ஊதியபோது மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "போயிட்டு வாங்க. ஆனா மெதுவா. திணறினா அந்த நிமிஷமே இறங்கணும்."

"இறங்கிடுவேன்" என்றாள் அம்மா. வாலு அவர் பக்கம் சாய்ந்து, "நான் இறக்கிடுவேன்" என்றாள்.

கடைசிப் பயிற்சி ஊருக்கு வெளியே ஒரு குன்றில். விடிந்ததும் எல்லோரும் அடிவாரத்தில் கூடினார்கள். மீசை மாமா அண்ணாந்து பார்த்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார். அம்மா யாரும் சொல்லாமலே வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வாலுவும் அவளோடு நின்றாள்.

பீ... என்று விசில் ஒலித்தது.

"டாக்டர்! அங்க என்ன பண்றீங்க?"

"நான் மெதுவாத்தானே நடப்பேன். கடைசியில வர்றேன்."

"கடைசியிலயா? யார் சொன்னது?" விசில் அக்கா நடந்து வந்து அம்மாவின் பையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனார். "மெதுவா நடக்கறவங்கதான் முதல்ல போகணும். மத்தவங்க எல்லாரும் அந்த வேகத்துலதான் வரணும். அப்பத்தான் யாரும் பின்தங்க மாட்டாங்க. மலையில எங்க வழக்கம் இது."

அம்மா நம்பாமல் அவரைப் பார்த்தாள். வாலுவைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தனக்குப் பின்னால் நீண்டு நின்ற வரிசையைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து வாலுவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எல்லாரும் எனக்குப் பின்னாடியா?"

"எல்லாரும்தான். நானும்."

அம்மா முதல் அடி எடுத்து வைத்தாள். ஒற்றையடிப் பாதை வளைந்து வளைந்து ஏறியது. கொஞ்சம் ஏறியதும் அம்மா கையைத் தூக்கினாள். வரிசை முழுக்க நின்றது. அம்மா நிதானமாக மூச்சு விட்டாள். கீச்சுச் சத்தம் எதுவும் இல்லை.

"ரொம்ப தேங்க்ஸ் டாக்டர்!" என்று பின்னாலிருந்து மீசை மாமா இரைந்தார். "யாராவது நிக்கச் சொல்ல மாட்டாங்களான்னு இவ்வளவு நேரமா வேண்டிக்கிட்டிருந்தேன்!"

அம்மா சிரித்தாள். கையைக் கீழே இறக்கி, "போலாமா?" என்றாள். எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள், அம்மாவுக்குப் பின்னால்.