மூன்று தொப்பிகளும் ஒரு கூஸ்பெரியும்

ஈனாக் வார்டிலின் தொப்பிக் கடைக்குள் மிஸஸ் ஆக்டன் மூச்சிரைக்க நுழைந்தபோது மணி பத்தரை. பக்கத்துக் கடை நாவிதர் ஜோப், ஒருவருக்குப் பாதிச் சவரத்தில் கத்தியை வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தார். இங்கிலாந்தின் அந்தச் செஷையர் கிராமத்தில் எது காணாமல் போனாலும் கண்டுபிடிப்பவர் வார்டில். அதை ஊரெல்லாம் சொல்பவர் ஜோப்.

"என் கூஸ்பெரியைக் காணோம், மிஸ்டர் வார்டில். ஜன்னல் ஓரமா கிண்ணத்தால மூடி வச்சிருந்தேன். கோழிமுட்டை அளவு பழம்."

இன்று மதியம் இரண்டு மணிக்குக் கூஸ்பெரிப் போட்டி. எடை அதிகமான பழத்துக்குச் செம்புக் கெட்டில் பரிசு. போட்டி நடத்தும் சங்கத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே இந்த ஒரு வருடம் மட்டும் ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். தராசில் மிஸஸ் ஆக்டனின் பழம் ஏறாவிட்டால் இனி எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை.

"வீட்டுக்கு யாரு வந்தாங்க?" என்றார் வார்டில், தொப்பிக்கு ஆவி காட்டியபடி.

"சங்கச் செயலாளர் கார்சைட், தபால்காரர் பிக், அடுத்த தோட்டத்து ஹல்ம். மூணு பேருமே போட்டிக்குப் பழம் வளர்த்தவங்க. பழத்தைப் பார்க்கணும்னாங்க, காட்டினேன். அவங்க கிளம்பினதும் பார்த்தா கிண்ணம் காலி. வாசலுக்கு ஓடினேன். அப்பப் பார்த்து கசாப்புக் கடை பாரட்டோட சவ ஊர்வலம் போகுது. மூணு பேரும் வாசல்லயே நின்னுட்டாங்க. ஊர்வலம் போனதும் கான்ஸ்டபிள் மூணு பேர் சட்டைப்பையையும் உதறிப் பார்த்தார். ஒண்ணுமில்ல. இப்ப சங்கத்து முற்றத்துல உட்கார வச்சிருக்கார்."

"திருட்டுப்பய தின்னுருப்பான்" என்றார் ஜோப்.

"தின்ன என்னய்யா இருக்கு? தன் பழம்னு தராசுல வைக்கத்தான் எடுத்திருக்கான். பையில போட்டா நசுங்கிடும்." வார்டில் திரும்பினார். "சவம் போறப்ப எப்படி நின்னாங்க?"

"கார்சைட் மெத்துத் தொப்பியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டார். பிக் தன் தட்டைத் தொப்பியைக் கையில வச்சிருந்தார். ஹல்ம்தான் பாவம், ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டுத் தேம்பினார்."

"ஹல்மா? பாரட்டோட அவருக்கு இருபது வருஷமாப் பேச்சுவார்த்தையே கிடையாதே" என்றார் ஜோப்.

வார்டில் ஆவி அடுப்பை அணைத்தார். "ஜோப், உன் கன்சர்ட்டினா வாத்தியத்தை எடுத்துட்டு வா."

சங்கத்து முற்றத்தில் தராசு தயாராக இருந்தது. மூவரும் தொப்பியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வார்டில் கண்ணைக் காட்ட, ஜோப் ராஜ வாழ்த்தை வாசித்தார். அத்தனை பேரும் எழுந்தார்கள். தொப்பிகள் இறங்கின. ஹல்மின் உருண்டைப் பில்லிகாக் தொப்பி மட்டும் அசையவில்லை.

"ராஜாவுக்கு மரியாதை இல்லையா?" என்றார் கான்ஸ்டபிள்.

"தலைக்குக் குளிர் ஆகாதுங்க."

"ஆகஸ்ட்லயா?" என்றார் ஜோப், வாசிப்பதை நிறுத்தாமலே.

ஹல்ம் வியர்த்துப்போய் விளிம்பை மெல்ல உயர்த்தினார். மொட்டைத் தலையிலிருந்து பச்சைப் பழம் வழுக்கியது. ஹல்ம் தொப்பியை எறிந்துவிட்டு, முழங்கால் தேயப் பாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே இரு கையாலும் அதைப் பிடித்தார்.

"சவம் போறப்ப எல்லாரும் தொப்பியைக் கழட்டுவாங்க. ரெண்டு கையும் முகத்துல இருந்தா தொப்பி எங்க இருக்கும்? தலையிலதான்" என்றார் வார்டில். "மெத்துத் தொப்பிக்குள்ள பழம் கூழாயிடும். தட்டைத் தொப்பியில இடமே இல்ல. பில்லிகாக் சட்டி மாதிரி கெட்டி, உச்சியில ரெண்டங்குலம் காலி. அதைச் செஞ்சவனே நான்தானே."

தராசு மிஸஸ் ஆக்டன் பக்கமே சாய்ந்தது. கார்சைட் சங்கப் பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டு, 'இந்த வருடம் மட்டும்' என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார்.

மிஸஸ் ஆக்டன் ஹல்மிடம் போனார். "கீழ விட்டிருந்தா உங்க பழம்தானே ஜெயிச்சிருக்கும்?"

ஹல்மின் முகம் சிவந்தது. "கூஸ்பெரியைக் கீழ விடறதா? என்னை என்ன அவ்வளவு மோசமானவன்னு நினைச்சீங்களா?"

மிஸஸ் ஆக்டன் கீழே கிடந்த பில்லிகாக்கை எடுத்து, உள்ளே ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, அவரிடம் நீட்டினார்.