பூட்டைப் பிடித்திருப்பவன்

பந்துச் சத்தம் நடுவில் விட்டுப்போனது.

விடுமுறை நாளின் மதியம். ஏசியின் உறுமலும் ஆறிப்போன காபியின் கசந்த வாடையும் நிறைந்த அலுவலகத்தில், பாப்பா தரையில் தொப், தொப் என்று ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், வேலைக்குக் கூடவே அழைத்து வந்திருந்தாள் அவளுடைய அம்மா. அம்மா சரிசெய்துகொண்டிருந்த கணினியின் கெர்னலுக்குள், அதாவது அதை இயக்கும் மைய நிரலுக்குள், ஒரு பூட்டு. ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் அதைப் பிடிக்கலாம். அது விடும்வரை மற்றவை அசையாமல் காத்து நிற்கும். கண் இமைப்பதற்குள் விடவேண்டிய பூட்டை எதுவோ விடாமல் வைத்திருந்தது. அது எது என்று இன்றைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

திரையில் புது வரி விழுந்தது. பிடித்திருந்த நேரம்: மூன்று நொடி. பந்து ஓய்ந்திருந்ததும் அவ்வளவு நேரம்தான்.

பக்கத்து மேஜை மீசைக்காரர் மேல் அவளுக்குச் சந்தேகம் விழுந்தது.

"கடைசியா இந்தப் புரோகிராமைத் தொட்டது நீங்கதானே சார்?"

"என் தலையில கட்டாதம்மா. ஒரு மாசமா நான் அந்தப் பக்கம் தலைவச்சே படுக்கலை."

அவள் முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுபடி சத்தம் நின்றது. இம்முறை திரும்பிப் பார்த்தாள். பந்து பாப்பாவின் முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. ஏசியும் ஓய்ந்திருந்தது. மனதுக்குள் எண்ணினாள். ஏழு வந்ததும், தொப்.

திரையில்: ஏழு நொடி.

"அம்மா, யாரோ என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க" என்று சிணுங்கினாள் பாப்பா.

அவள் திரைக்குத் திரும்பினாள். பூட்டைப் பிடித்தவரின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. ஒரு எண் மட்டும். அப்படி ஒரு வேலையை யாரும் தொடங்கியதாகவே பதிவில்லை. அதே எண் மீண்டும் பூட்டைப் பிடித்தது. பந்து நின்றது. பயத்தில் கை முந்திக்கொண்டது. அந்த எண்ணுக்குரிய வேலையைப் பாதியிலேயே கொல்லும் கட்டளையை அடித்து, என்டரைத் தட்டினாள்.

ஒரு கணம் ஏசி உறுமியது. மீசைக்காரர் காபிக் கோப்பையோடு அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"ஐயோ, என்னம்மா பண்ணே! பிடிச்சிருக்கும்போதே அவனைக் கொன்னுட்டா, அப்புறம் பூட்டை யாரு..."

வாக்கியம் முடியவில்லை. திறந்த வாய் திறந்தபடி. சாய்ந்த கோப்பையிலிருந்து வழிந்த காபி அந்தரத்தில்.

"பாப்பா?"

தோளைப் பிடித்து உலுக்கினாள். கல். திரையில்: நாற்பது நொடி. நாற்பத்தொன்று.

விடவேண்டியவன் செத்துவிட்டான். இனி யாரும் விடப்போவதில்லை.

ஒரே வழிதான் மிச்சம். இயந்திரத்தை அணைத்துப் போடலாம். பூட்டு போய்விடும். காத்து நிற்கும் அத்தனையும், பாப்பாவும்கூட, அதோடு அழிந்துபோகும்.

விரல் அணைக்கும் பொத்தானைத் தொட்டது.

பாப்பாவின் கண்கள் மட்டும் நகர்ந்தன. அந்த விரலைப் பார்த்தன. பிறகு, மெல்ல, அம்மாவின் முகத்தை.