இருபத்து நான்கு எஃகுக் குண்டுகள்

ஒரு வீட்டில் ஒருவருக்குக் கோபம் வந்தால் மற்றவர்கள் சமாதானம் செய்யலாம். வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் கோபம் வந்துவிட்டால் யார் யாரைச் சமாதானம் செய்வது? திண்டிவனத்தில், சகாய பிரியாவின் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆகிவிட்டது.

முதலில் கத்தியவர் அப்பா லூர்து பிரகாஷ்.

"அக்கா! இந்த நாலு டின்னுல இருந்ததெல்லாம் எங்க?"

"கத்தாதடா. கழுவி வெச்சிருக்கேன்," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

பதில் சொன்னவர் சவுரியம்மாள் அத்தை, அப்பாவின் அக்கா. முகையூரிலிருந்து, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை ஒரு மூட்டையுடன் முதல் நாள்தான் வந்திருந்தார். அவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாது. பேருந்தில் வரும்போதுகூட, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணின் கீரைக்கட்டை வாங்கி ஆய்ந்து கொடுத்துவிட்டு வந்தவர்.

அத்தை ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தார். அதில் இருபத்து நான்கு எஃகுக் குண்டுகள், பெரிய கோலிகளைப் போலப் பளபளத்தன.

"பாரு, கண்ணாடியாட்டம் இருக்கு! சோப்பும் தேங்கா நாரும் போட்டுத் தேய்ச்சேன். வளையம், கூண்டு எல்லாத்தையும் தேய்ச்சு அங்க அடுக்கி வெச்சிருக்கேன். துரு புடிக்கக் கூடாதுன்னு தோசைக்கல்லுக்குத் தடவுற மாதிரி எண்ணெயும் தடவிட்டேன்."

அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஏன் தலையைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்ல வேண்டும்.

வீட்டின் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஐம்பது வயதான சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, தவளைக் கண் விளக்குகள், இரண்டே இருக்கைகள். குயிலாப்பாளையத்தில் ஒரு மாமரத்தடியில், அணில்கள் குடியிருந்த நிலையில் அப்பாவுக்குக் கிடைத்தது. அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும், தாமாகவே கற்றுக்கொண்டு, அவர் அதைச் சீர்செய்து வந்தார். பிரியாவும் கூடவே வேலை செய்தாள்.

கடைசியாக மிஞ்சியது ஆக்ஸில். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு அது. சக்கரம் மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் தண்டு நிற்காமல் சுழல வேண்டும். அதற்காக அதன் இரு முனைகளிலும், நம் மணிக்கட்டைப் போல வளைந்துகொடுக்கும் ஜாயிண்ட் உண்டு. வெளியே ஒரு வளையம், உள்ளே நட்சத்திரம் போன்ற ஒரு வட்டு, நடுவே ஒரு கூண்டு, கூண்டின் ஆறு சன்னல்களில் ஆறு குண்டுகள். இரண்டு சக்கரங்களுக்கு இரண்டு தண்டுகள், நான்கு ஜாயிண்டுகள், இருபத்து நான்கு குண்டுகள்.

"வளையம், வட்டு, கூண்டு எல்லாத்துலயும் புள்ளி குத்தி அடையாளம் வெச்சேன்," என்றார் அப்பா. "குண்டுல எப்படிக்கா புள்ளி குத்துறது? அதான் டின் டின்னாப் பிரிச்சு வெச்சேன். நீ எல்லாத்தையும் ஒன்னாக் கொட்டிட்ட!"

"எல்லாம் ஒரே மாதிரிதானடா இருக்குது?"

"கண்ணுக்குத்தான் ஒரே மாதிரி. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் தலைமுடி அளவு வித்தியாசம் இருக்கும்."

"தலைமுடி அளவுக்கா இந்தக் கூச்சல்?"

அப்போதுதான் தேவாலயத்தின் மறைக்கல்வி வகுப்பிலிருந்து திரும்பிய பிரியா நடுவில் புகுந்தாள். "அத்தை, கோயில் திருவிழால ஆறு பேர் சப்பரம் தூக்குறாங்க இல்ல? அதுல ஒருத்தர் மட்டும் நெட்டையா இருந்தா?"

"மொத்த பாரமும் அவன் தோள்லதான். பாவம்."

"குண்டும் அப்படித்தான். ஆறும் ஒரே உயரமா இருக்கணும்."

அத்தையின் முகம் சுண்டிப்போனது. ஆனால் சுண்டிய முகம் சிவக்க அதிக நேரம் ஆகவில்லை. "இதெல்லாம் எனக்கு யாரு சொன்னா? நாலு டின்னுல கருப்புக் கருப்பாக் களிம்பு இருந்துச்சு. இடுப்பு ஒடியத் தேய்ச்சேன். தேங்க்ஸ் சொல்ல வேணாம், திட்டாமயாச்சும் இருக்கலாம் இல்ல!"

அப்பா அத்தையிடமிருந்து பிரியாவின் பக்கம் திரும்பினார். "நீயாவது கவனிச்சிருக்கக் கூடாதா? வீட்டுல ஒருத்தருக்கும் பொறுப்பில்ல!"

பிரியாவுக்குச் சுருக்கென்றது.

"நானாப்பா? டின்னு மேல பேரு எழுதலாம்னு போன வாரமே நான் சொன்னேனே! நீங்க இன்னா சொன்னீங்க? 'எல்லாம் என் தலைக்குள்ள இருக்கு, பேஜாரு பண்ணாத'ன்னு சொல்லலையா?"

அவள் சொன்னது உண்மை. கோபத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொன்னால் கோபம் தணியாது, இரண்டு பங்காகும். அப்பா கைப்பேசியை எடுத்தார்.

"சீனுண்ணா? பிரகாஷ் பேசறேன். ஒரு வருஷமாக் கேட்டுக்கினு இருந்தீங்களே, அந்த வண்டி... ஆமா. சாயங்காலம் வந்து எடுத்துக்கினு போயிடுங்க."

சீனுவாசன் விழுப்புரத்தில் பழைய கார்களை வாங்கி விற்பவர். வாங்கிய வண்டியை எடுத்துப்போக அவரிடம் சொந்தமாக இழுவை வண்டியே இருந்தது.

"அப்பா! காரை விக்கப் போறீங்களா?"

"பின்ன? இந்தக் காரைச் செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. புது ஜாயிண்டுக்கு எங்க போறது? சாயங்காலம் அஞ்சு மணிக்கு வருவாரு. பேச்சு முடிஞ்சுது."

"முடியல!" என்றாள் பிரியா. "அந்தத் துருவுல பாதிய நான்தான் தேய்ச்சேன். பரீட்சை வந்தப்பக்கூடத் தேய்ச்சேன். பாதிக் கார் என்னோடது. என் பாதிய விக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?"

அப்பா கொட்டகையின் ஒரு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அத்தை, "நான் நாளைக்கே ஊருக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். விழுப்புரம் மருத்துவமனையில் பகல் வேலைக்குப் போயிருந்த அம்மா மட்டும் அன்று தப்பித்தார்.

பிரியா தாம்பாளத்தின் முன்னால் அமர்ந்தாள். ஒரு குண்டை எடுத்துக் கண்ணருகே பிடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டும் அவளைப் பார்த்துப் பளபளத்தன. அவளுக்கு அழுகை வந்தது. 'இது அநியாயம். கேட்காமல் கழுவியது ஒருவர், எழுதாமல் வைத்தது ஒருவர், நஷ்டம் மட்டும் எனக்கா?'

முற்றத்திலிருந்து 'சரக் சரக்' என்று சத்தம் வந்தது. கோபத்திலும் சும்மா இருக்க முடியாத அத்தை, உரித்த மல்லாட்டையைச் சல்லடையில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். பொடிப் பருப்பு கீழே விழுந்தது. பெரிய பருப்பு மேலே நின்றது.

பிரியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'குண்டுகளையும் சலிக்க முடிந்தால்? ஆனால் சல்லடையின் ஓட்டை எல்லாம் ஒரே அளவு. எந்த அளவில் ஓட்டை போடுவது என்றே நமக்குத் தெரியாதே. போகப் போகப் பெரிதாகும் ஓட்டை ஒன்று இருந்தால்...'

சட்டென்று எழுந்தாள்.

கொட்டகையில் இரண்டு நீளமான எஃகுப் பட்டைகள் இருந்தன. லேத் பட்டறையில் நூல் பிடித்ததுபோல் நேராகத் தீட்டி வாங்கியவை. பிரியா அவற்றை இரண்டு செங்கற்களின் மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். நடுவே ஏறக்குறைய ஒரு குண்டின் அகலத்துக்கு இடைவெளி விட்டாள். ஒரு முனை மறுமுனையைவிடக் கொஞ்சம் அகலம். குண்டு உருளத் தொடங்கும் ஒடுங்கிய முனையைச் சற்று உயர்த்தி, கீழே பழைய சேலையை விரித்தாள்.

முதல் தடவை எல்லாக் குண்டுகளும் தொடங்கிய இடத்திலேயே 'தொப் தொப்'பென்று விழுந்தன. இரண்டாம் தடவை ஒன்றுகூட விழவில்லை. அவற்றில் ஒன்று கடைசிவரை ஓடித் தரையில் குதித்து, காருக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. பிரியா தவழ்ந்துபோய் அதை இழுத்துவந்தாள்.

மூலையிலிருந்து அப்பா ஓரக்கண்ணால் பார்த்தார். "இன்னா பண்ற?"

"உங்ககிட்ட நான் பேசல," என்றாள் பிரியா.

கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். 'தலைமுடி அளவு வித்தியாசம் என்றால், இந்தத் தாளின் கனம் அளவுக்கு அகலம் கூடினால் போதும்.' இரண்டு முனைகளுக்கும் ஒரே அளவில் மரத்துண்டுகளை இடையில் வைத்து, அகல முனையில் மட்டும் அந்தத் தாளையும் சேர்த்துச் செருகினாள். ஆனால் இறுக்கிப் பிடிக்க அவளுக்கு இரண்டு கைகள் போதவில்லை.

மூன்றாவதாக ஒரு கை வந்து பட்டையைப் பிடித்தது. அப்பாவின் கை. பிரியா அந்தக் கையைத் தள்ளிவிடவில்லை.

மரத்துண்டுகளை நான்கு முறை உரசித் தேய்த்துச் சரிசெய்த பிறகு, முதல் குண்டு மெல்ல உருண்டு, பட்டையின் நடுவில் விழுந்தது. பிரியா அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். அடுத்த குண்டு அதற்கு ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. அடுத்தது நடுவில். அதற்கு அடுத்தது கடைசி முனைக்கு அருகில்.

"பிரியா!" என்றார் அப்பா, மூச்சை அடக்கிக்கொண்டு.

இருபத்து நான்கும் உருண்டு முடிந்தன. முன்னால் ஆறு, நடுவில் பன்னிரண்டு, கடைசியில் ஆறு.

அப்பாவின் முகம் மீண்டும் வாடியது. "நாலு கூட்டம் வரணும். மூணுதானே வந்திருக்கு?"

"நடுவுல ரெண்டு கூட்டமும் ஒரே உயரம்ப்பா. ஒரே உயரம்னா, யாரு எந்தச் சப்பரத்தைத் தூக்கினா இன்னா?"

அன்று முதன்முறையாக அப்பா சிரித்தார்.

எந்தக் கூட்டம் எந்த ஜாயிண்டுக்கு என்பதை வளையங்களே சொல்லிவிட்டன. பெரிய குண்டுகளை மூன்று வளையங்கள் உள்ளே விடவே மறுத்தன, நான்காவது ஏற்றுக்கொண்டது. சிறிய குண்டுகள் ஒன்றில் மட்டும் ஆடாமல் நின்றன. அப்பா விறுவிறுவென்று முதல் ஜாயிண்டைப் பூட்டினார். ஆறு குண்டுகளும் உட்கார்ந்தன. வட்டைப் பிடித்து வளைத்துப் பார்த்தார்.

அசையவில்லை. அழுத்தினார். கல்லைப் போல நின்றது.

கழற்றி மறுபடி பூட்டினார். மறுபடியும் கல்.

தெருவில் ஒலிப்பான் சத்தம் கேட்டது. இழுவை வண்டி வாசலில் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகச் சீனுவாசன் இறங்கி வந்தார்.

"இன்னா பிரகாஷ், ரெடியா? ஜல்தியா ஏத்திடலாம். இருட்டுறதுக்குள்ள விழுப்புரம் போவணும்."

அப்பா ஜாயிண்டைக் கீழே வைத்தார். "நம்ம கிட்ட இல்லம்மா வித்தை. விட்டுடலாம்."

அந்த நேரத்தில், கொட்டகையின் வாசலில் சல்லடையுடன் நின்ற அத்தை, யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்: "அகலத்துக்கு நேரா அகலத்த வெச்சா எப்படித் திரும்பும்?"

"இன்னாக்கா சொல்ற?"

"நான் ஒன்னும் சொல்லல. நான் சொன்னா தப்பு, செஞ்சா தப்பு."

பிரியாவின் கோபம் கடைசியாக ஒருமுறை பொங்கியது. "அப்பா, காலைல இருந்து அத்தையத் திட்டினோமே தவிர, ஒரு வார்த்தை கேட்டோமா? ஒவ்வொரு வளையத்தையும் கையில வெச்சுத் தேய்ச்சது அவங்கதானே! நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒழுங்காக் கேளுங்க!"

அப்பா எழுந்து அத்தையின் முன்னால் போய் நின்றார். "தப்பு என்னோடதுக்கா. டின்னுல பேரு எழுதாதது நான். உன் மேல பாய்ஞ்சதும் நான். சொல்லுக்கா."

அத்தை சல்லடையைக் கீழே வைத்தார். வளையத்தை எடுத்துத் தன் விரலை உள்ளே ஓட்டினார். "பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கற மேட்டைப் பாரு. ஒன்னு அகலம், அடுத்தது ஒடுக்கம். தேய்க்கறப்போ நாரு ஒடுக்கத்துல மாட்டிக்கினு இருந்துச்சு. இந்த நட்சத்திரத்துலயும் அப்படித்தான். நீ அகலத்துக்கு நேரா அகலத்த வெச்சிருக்க. பஸ்ஸுல ரெண்டு தடியான ஆளு ஒரே சீட்டுல ஒக்காந்தா எவன் அசைய முடியும்? ஒரு தடியன், ஒரு ஒல்லி. அப்படி வெச்சுப் பாரு."

அப்பா வட்டை ஒரு பள்ளம் தள்ளித் திருப்பினார். குண்டுகளைச் சன்னல்களில் அமர்த்தினார். மெல்லச் சாய்த்து உள்ளே தள்ளினார்.

'களுக்.'

விரலால் லேசாகத் தொட்டார். வட்டு, வெண்ணெயில் போவதைப் போல இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் திரும்பி, வட்டமாகச் சுழன்றது. பிரியா கை தட்டிக் குதித்தாள்.

"சீனுண்ணா, மன்னிச்சுக்கங்க," என்றார் அப்பா. "வண்டி விக்கல."

இப்போது சீனுவாசனுக்குக் கோபம் வந்தது. "இது நியாயமா? ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம விழுப்புரத்துல இருந்து வண்டிய எடுத்துக்கினு வந்திருக்கேன். வழியில கூட்டேரிப்பட்டுல நிறுத்தி ஒரு டீகூடக் குடிக்கல!"

"உங்க கோபம் நியாயந்தான் மாமா," என்றாள் பிரியா. "டீ நான் போட்டுத் தர்றேன். அதுக்குள்ள இத ஒரு தடவை சுத்திப் பாருங்க."

சீனுவாசன் முறைத்தபடியே ஜாயிண்டை வாங்கினார். ஒரு முறை சுழற்றினார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இன்னொரு முறை சுழற்றினார். எத்தனையோ கார்களை வாங்கி விற்ற அவர், அவற்றின் மணிக்கட்டை ஒருநாளும் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

"மிச்சம் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

"மூணு."

பிரியா தேநீருடன் திரும்பி வந்தபோது, வாசலில் இழுவை வண்டி வெறும் முதுகோடு நின்றுகொண்டிருந்தது. அதன் சொந்தக்காரர் கொட்டகைக்குள் சம்மணமிட்டு அமர்ந்து, முழங்கைவரை கிரீஸுடன், "அகலம் எந்தப் பக்கம்னு சொன்னீங்கக்கா?" என்று அத்தையிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.