இடுக்கில் ஒரு கை

பழைய சோபாவை எடுக்கப் போகும் வீட்டில் நாங்கள் முதலில் செய்கிற காரியம் இடுக்கைத் துழாவுவது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கிறதே, அந்த இடுக்கு. சீப்பு, பேனா, ஸ்பூன், ஒருமுறை பல்செட்கூட வந்திருக்கிறது. கிடைத்ததை வீட்டுக்காரர் கண்முன்னாலேயே கையில் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவோம். பின்னால் ஒருவர் வந்து என் மோதிரம் அதில்தான் இருந்தது என்று நிற்கக் கூடாது பாருங்கள்.

அந்தப் பழைய வீட்டிலும் ஆணியண்ணன் வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார்.

"கைய விடாதீங்க" என்றார் வீட்டுக்காரர்.

சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் அண்ணன் கை பாதியில் நின்றுவிட்டது. நடுப்பகல் நேரம், ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அறையில் ஈரத் தலைமுடி வாடையும் துருப்பிடித்த இரும்பு வாடையும் கலந்து அடித்தன. ஒரே ஒரு சோபாதான், ஒற்றை ஆள் உட்காருகிறது. உயர்ந்த முதுகு, உருண்ட கைப்பிடிகள். இருக்கையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது.

"அம்மா இதுலயேதான் இருந்தாங்க. அப்பா போனப்புறம் எந்திரிக்கவே இல்ல. சாப்பாடு, தூக்கம் எல்லாம் இதுலதான். கடைசியும் இதுலதான்." அவர் வலது கையை பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. கதவைத் திறந்ததுகூட இடது கையால்தான். "எழுப்பிப் பாத்தேன். முடியல. துணி மாத்தி வித்துருங்க. இங்க திரும்ப வரவேணாம்."

முகம் பார்க்காத அந்த அம்மாவை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஏனென்று சொல்லிவிடுகிறேன். எனக்கு மனச்சோர்வு. டாக்டர் உண்டு, மாத்திரை உண்டு, நல்ல நாளும் உண்டு. கெட்ட நாளில் செருப்புக்குள் காலை நுழைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும். பார்க்கிறவர்கள் எல்லோரும் எந்திரி என்பார்கள். எந்திரிச்சா சரியாயிடும் என்பார்கள். இதில் முதல் ஆள் என் அக்கா. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். நின்றுபோன எதைப் பார்த்தாலும் கிளப்பிவிட வேண்டும் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து போர்வையை உருவுவாள். "கிளப்புடி. இன்னும் எவ்வளவு நேரம் நியூட்ரல்லயே இருப்ப?" என்பாள். அவளை எனக்குப் பிடிக்கும். அவள் வருகிற சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வேன்.

பழைய சோபாவைப் புதுப்பித்து விற்கும் பட்டறையில் நான் தையல்காரி. ஆணியண்ணன் ஆணி அடிப்பவர், பேரே அப்படி ஒட்டிக்கொண்டது. சின்ன ஆணிகளை வாய் நிறைய வைத்துக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பார். அவர் வாயில் ஆணி இருக்கும்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது. பட்டறையில் சண்டை நடந்தாலும் சரி, அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை வராது.

பிரிப்பதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. முதுகுப் பக்கத்துப் பஞ்சு அவ்வளவாகக் கெடாது. அதை உதறி மூட்டையில் போட்டுவைப்போம், தலையணைக்கு ஆகும். இருக்கையில் இருப்பது ஆளின் கனத்தை வாங்கிய பஞ்சு. அதை மரம் தெரிகிறவரை வழித்தெடுத்து எரித்துவிட வேண்டும். அண்ணன் மறுநாள் காலையிலேயே முதுகைப் பிரித்துப் பஞ்சை மூட்டைக்கு அனுப்பிவிட்டார். இருக்கை மட்டும் பாக்கி.

எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் அதில் போய் உட்கார்ந்தேன்.

முதுகுக்குப் பின்னால் வெறும் மரச்சட்டம்தான் இருந்தது. ஆனால் என் முதுகில் சூடாக எதுவோ வந்து சாய்ந்தது. கைப்பிடியில் வைத்த என் கைகளின் மேல் இரண்டு கைகளின் கனம் இறங்கியது. கழுத்தில் மூச்சு பட்டது.

"நான் இருக்கேன்."

கிசுகிசுப்பான குரல், வயதான பெண் குரல். பயந்து எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் அழுதேன். எத்தனையோ மாதமாக வராத அழுகை அது. நெஞ்சின் மேல் கிடந்த கல்லை யாரோ எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தக் குரல் என்னை எந்திரி என்று சொல்லவில்லை.

சாப்பிட்டு வந்து அண்ணன் முதுகுச் சட்டத்துக்குப் புதுப் பட்டை அடிக்க ஆரம்பித்தார். வாய் நிறைய ஆணி. நான் என் மேடையில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். பிடிமானத்துக்காக அவர் இடது கையை இருக்கையில் ஊன்றினார்.

"நான் இருக்கேன்."

எனக்கே கேட்டது. அவருக்கு அது பிடரிக்குப் பின்னால் கேட்டிருக்கிறது. யாரென்று கேட்க வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்.

ஆணியெல்லாம் உள்ளே போய்விட்டன.

அந்தச் சத்தம் இருமல் இல்லை. சல்லடையில் சரளைக்கல் உருளுகிற சத்தம். கழுத்தைப் பிடித்துக்கொண்டு முட்டிபோட்டார். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது, அதோடு ஆணிகள் ஒன்றிரண்டாகத் தரையில் விழுந்தன. தொண்டைத் தோலுக்குள்ளிருந்து ஓர் ஆணியின் முனை குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார், குரல்தான் போயிற்று.

"ஆணி வாயில இருக்கறப்ப பேசக் கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளியம்மா. பக்கத்தில் இருந்தவள் நான்தானே. ரத்தம் பட்ட சோபாவை வேறு யாரும் தொடமாட்டேன் என்றதால் முடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இருக்கையைக் கொஞ்சம் பிரித்தேன். பஞ்சும் நாரும் நரைமுடியும் கலந்து அடர்ந்து கிடந்தன. கையை வைத்தால் உடம்புச் சூடு.

மரத்தைப் பார்க்காமல் நான் மூடிய ஒரே சோபா அதுதான்.

மேலே புதுத் துணி போட்டுத் தைத்தேன். கடையில் அது நிற்கவே கூடாது என்று முதலாளியம்மா சொன்னபோது, ஊசி, கத்தரிக்கோல், உளி இருந்த என் வேலைப் பையோடு அதை நானே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அண்ணன் தொண்டையைக் கிழித்தது எது என்று தெரிந்தும் கொண்டுவந்தேனா என்று கேட்டால், ஆமாம், தெரிந்தும்தான். தண்ணீரில் மூழ்குகிறவள் கைக்குக் கிடைத்தது பாம்பா கயிறா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. மாத்திரை சமையலறையில் இருந்தது, சமையலறை வெகுதூரத்தில் இருந்தது. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நான் சோபாவில் இருந்தேன். கைகளின் மேல் கைகள் இருந்தன. தூங்கினால் தலையைத் தடவியது, விழித்தால் கிசுகிசுத்தது. அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை கண்டதில்லை. ஒரு ஞாயிறு அக்கா வந்து கதவைத் தட்டினாள். போ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அவள் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு தாழ்ப்பாளை உடைத்துக்கொண்டு வந்தாள்.

வெயில் அவள் பின்னாலேயே உள்ளே வந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்துத்தான் நானே என் கைகளைக் குனிந்து பார்த்தேன்.

என் கைகள் கைப்பிடியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன.

சட்டைத் துணியைத் துளைத்து, தோலைத் துளைத்து, உள்ளே துணியைப் பிடித்து மேலே வந்து, ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு. காய்ந்த ரத்தம் நூல் வழியே ஓடிக் கறுத்திருந்தது. சோபா தைக்கும் வளைந்த ஊசி வலது மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அவரவர் தையல் அவரவருக்குத் தெரியும். அது என் தையல். இரண்டு கையையும் எப்படித் தைத்தேன் என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அக்கா என் வேலைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து முதல் முடிச்சை வெட்டினாள். இருக்கை முழுவதும் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது.

"எந்திரிக்க மாட்டேன்க்கா" என்றேன்.

ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சரி. எந்திரிக்க வேணாம்" என்றாள். குரல் உடைந்திருந்தது. "ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இந்தக் கதவத் தொறக்கறதுக்கு முன்னாடி வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுருவேன்டி. உள்ள ஒன்ன எப்படிப் பாக்கப்போறேனோன்னு. அந்தப் பயத்துலதான் வந்ததும் எந்திரி எந்திரின்னு கத்துவேன். இனிமே சொல்லல. நீ இங்கயே இரு. நானும் இருக்கேன்."

என் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். அவள் கண்ணீர் என் காலில் பட்டது. அதுவும் சூடாகத்தான் இருந்தது.

என் முதுகில் இருந்த சூடு சட்டென்று குளிர்ந்தது.

தைத்திருந்த என் வலது கையின் விரல்கள் மட்டும் இடுக்கோரமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்துக்கொள்ள அக்கா கையை நீட்டினாள்.

"அக்கா, கைய விடாத."

இடுக்கு மூடிக்கொண்டது.

எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா வீறிட்டாள். அவள் கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. இருக்கை அதை மென்று மென்று இழுத்தது. என் காதுக்குள் அதே குரல், அதே இதம்.

"நான் இருக்கேன். நான் மட்டும் இருக்கேன்."

நான் எழுந்தேன்.

அதை எப்படிச் சொல்வது. நூல் அறுந்தது, தோல் கிழிந்தது, இரண்டு முழங்கையிலிருந்தும் சதை கீற்றுக் கீற்றாகத் துணியோடு நின்றுவிட்டது. வலி வந்ததும் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே சொல்கிறேன். ஆணி கிளப்பும் உளியை எடுத்து இருக்கையில் ஓங்கிக் குத்தினேன். நானே தைத்த துணியை நானே கிழித்தேன். நரைமுடி கைகையாக வந்தது, அடியிலிருந்து கறுப்பு ரத்தம் ஊறியது. அது என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கெஞ்சியது, பிறகு கடித்தது. நான் நிறுத்தவில்லை. குத்தினேன், வழித்தேன், குத்தினேன். அக்காவின் கை விடுபட்டது. அதற்கப்புறமும் மரம் தெரிகிறவரை வழித்தேன்.

மரத்தின் மேல் விரல் எலும்புகள் கிடந்தன. இரண்டு அக்காவுடையவை. மற்றவை காய்ந்து பழசாகிப்போனவை. அந்த வீட்டுக்காரர் வலது கையை ஏன் பாக்கெட்டிலிருந்து எடுக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

ஆணியண்ணன் கழுத்துக் கட்டோடு வந்து சட்டத்தை அறுத்துப் பஞ்சோடு சேர்த்து எரித்தார். சாம்பல் ஆகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

அக்கா என்னோடு வந்து தங்கிவிட்டாள். வலது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் இல்லை. "ஸ்டியரிங் பிடிக்க மூணு விரல் போதும், ஒனக்குத்தான் ரெண்டு கையும் பத்தாது" என்று என்னைச் சீண்டுவாள். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன். அரைநாள் பட்டறைக்குப் போகிறேன். கெட்ட நாள் இன்னும் வருகிறது, அது வரத்தான் செய்யும். அப்போது அக்கா ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்து உட்கார்ந்து தலையைத் தடவுவாள். அந்த மூன்று விரல் எனக்குத் தெரியும். அது போதும் எனக்கு.

புண்பட்ட கையை வைத்துக்கொள்ள ஆணியண்ணன் அக்காவுக்கு ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார். பட்டறை மூட்டையில் இருந்த பஞ்சை எடுத்து அவரே அடைத்துத் தைத்தது. புண் ஆறியதும் அக்கா அதை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

இன்று கெட்ட நாள். மத்தியான வெயில் ஜன்னலில் இருக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தத் தலையணையில் படுத்திருக்கிறேன். பின்னால் படுக்கை அழுந்தியது. தலையைத் தடவும் கை.

"நான் இருக்கேன்."

கண்ணைத் திறக்காமல் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு இதமாக இருந்தது. தலையணையிலிருந்து லேசாக வாடை வந்தது. ஈரத் தலைமுடியும் துருவும்.

விரல்களைத் தடவிப் பார்த்தேன்.

ஐந்து.

"அக்கா" என்றேன்.

"என்னடி?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வாக்கா. கொஞ்சம் வந்து என்கூட இரு." வாழ்நாளில் யாரையும் நான் இப்படிக் கூப்பிட்டதில்லை.

"இதோ வரேன்டி, அடுப்ப அணைச்சுட்டு."

அவள் காலடிச் சத்தம் அறைக்கு வெளியே கேட்டது. என் கைக்குள் இருந்த கை சுண்டுவிரலையும் மோதிர விரலையும் மெல்ல உள்ளே மடக்கிக்கொண்டது.