வெளிர் ஊதா லாரி

"ஐயையோ... போச்சு!"

மழைக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தவன் பொம்மைக் கார் சந்தை நடக்கும் ஹால் வாசலில் நெரிஸின் மேல் நேராக வந்து மோதினான். அவள் கையிலிருந்த தட்டு சரிந்தது. பஞ்சில் பொத்திப் பொத்தி எடுத்து வந்த குட்டிக் கார்கள் எல்லாம் டங்... டங்... என்று சிமெண்ட் தரையில் உருண்டன.

உலோகப் பொம்மைக் கார் கீழே விழுந்தால் உடையாது. ஆனால் பெயின்ட் தெறித்துவிடும். பெயின்ட் தெறித்த காரை எவன் வாங்குவான்?

அவன் சட்டென்று மண்டியிட்டு ஒரு மஞ்சள் காரைக் கையில் எடுத்தான். முதலில் மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால், சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டான்! காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்து, ஒரு பெரிய பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா... ரீபெயின்ட்தான்! உயிரே போயிடுச்சுங்க எனக்கு, ஒரிஜினலோன்னு நெனச்சு."

அவ்வளவுதான். நெரிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ரீபெயின்ட்னா தரையில உருட்டலாமா? மூணு வாரம் ராத்திரி பகலா உக்காந்து பண்ணினது சார் அது!"

"இல்ல... நான் அப்படிச் சொல்ல வரல..."

"வேற எப்படிச் சொல்ல வந்தீங்க?"

அவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... திருடி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி விழித்தன. பார்க்காதே நெரிஸ், நீ கோபத்தில் இருக்கிறாய் என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏற்கெனவே காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல் செட் செய்யும் லேபில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை வெள்ளிக்கிழமைதான் விட்டிருந்தாள். இத்தனை காலம் வார நாட்களில் வேல்ஸ் நாட்டின் இந்த ஸ்வான்சீ ஊர்க்காரர்களுக்குப் பொய்ப்பல், ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைக் கார் என்று ஓட்டியாயிற்று. நாளையிலிருந்து பழைய கார்களைப் புதுசாக்கி விற்பது மட்டும்தான் பிழைப்பு. இந்தச் சந்தையில் பெயர் நிலைத்தால்தான் அதுவும். அவளுடைய அம்மா போனிலேயே அழுதுவிட்டாள். இந்த லட்சணத்தில் கடை விரிப்பதற்கு முன்பே சரக்கைத் தரையில் கொட்ட ஒருத்தன்!

இந்தப் பொம்மைக் கார் உலகத்தில் இரண்டு கட்சி உண்டு. அறுபது வருஷத்துக்கு முந்தின பெயின்ட் பாதி உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, தொடாதே என்பது ஒரு கட்சி. அடியிலிருக்கும் ரிவிட் ஆணியைத் துளைத்துக் காரைப் பிரித்து, பழைய பெயின்டை உரித்து, புதுசாகப் பூசி, டயர் மாற்றி, மறுபடி ரிவிட் அடித்து மூடுவது இன்னொரு கட்சி. நெரிஸ் இரண்டாவது. இந்த லென்ஸ்காரன் முதலாவது. எண்ணெயும் தண்ணீரும்தான்.

ஆனால் பாருங்கள், எண்ணெய் சும்மா இருக்க மாட்டேனென்றது. அரை மணி நேரத்தில் இரண்டு கப் டீயோடும் ஒரு தட்டு வெல்ஷ் கேக்கோடும் அவள் மேசை முன்னால் வந்து நின்றது.

"என் பேரு எல்கன். எல்கன் ரோசர். கொஞ்சம் முன்னாடி நடந்ததுக்கு..."

"லஞ்சமா?"

"பிராயச்சித்தம்."

"அந்த மஞ்சள் காரு மூலையில பெயின்ட் போயிடுச்சு, தெரியுமில்ல?"

"நான் வாங்கிக்கறேன்."

"நீங்கதான் ரீபெயின்டைக் கையால தொட மாட்டீங்களே!"

"லென்ஸால மட்டும் தொடுவேன்," என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"என்ன வேலை பாக்கறீங்க, மிஸ்டர் ரோசர்?"

"பஸ் டிப்போவுல மெக்கானிக்."

"பஸ்ஸுக்கு பெயின்ட் உரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"புதுசா அடிப்போம்..."

"ஓஹோ! அங்க மட்டும் ஒரிஜினல் வேண்டாமா?"

எல்கன் வெல்ஷ் கேக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். நெரிஸ் இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். கேக்கை மெல்லவும் மறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் போவதும் வருவதுமாக இருந்தான். அவளும் விலை கேட்டவர்களுக்குத் தப்புத் தப்பாகப் பதில் சொன்னாள். இந்த டயர் எங்கே கிடைத்தது என்று ஒருவர் கேட்க, "சாம்பல் பச்சை" என்றாள். என்னடி ஆயிற்று உனக்கு? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் வாசலைப் பார்க்கத் தோன்றியது. வெளியே கடலும் வானமும் ஒன்றாகிப் பெய்துகொண்டிருந்தது மழை.

மதியம் நெருங்கும்போது எல்கன் ஓடி வந்தான். கை இரண்டையும் பொத்தியிருந்தான், குஞ்சுக் குருவியைப் பிடித்து வந்தவன் மாதிரி.

"நெரிஸ்... நெரிஸ்! இதப் பாருங்க!"

மெல்லக் கையைத் திறந்தான். உள்ளங்கையில் ஒரு குட்டி இழுவை லாரி. வெளிர் ஊதா நிறம்.

நெரிஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். சிவப்பு நிறத்தில் இந்த லாரி எந்தச் சந்தையிலும் கிடைக்கும். வெளிர் ஊதாவில், பொம்மைத் தொழிற்சாலையில் சோதித்துப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் லாரிகளுக்குப் பூசினார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள் என்று கேள்விதான். கண்ணால் பார்த்தவர்களே குறைவு.

"வாசல்ல ஒருத்தரு... பழைய வீடுங்களைக் காலி பண்றவரு... வண்டி டிக்கியிலேயே கடை போட்டிருந்தாரு. மழை வலுத்ததும் கெளம்பிட்டாரு. பத்து வருஷத்துக்கு மேல தேடறேங்க இதை! தூங்கும்போது கூட கனவுல வரும்."

"யார்கிட்ட காட்டினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. முதல்ல உங்ககிட்டதான் காட்டணும்னு தோணிச்சு."

ரீபெயின்ட்காரியிடம், ஒரிஜினல் பைத்தியம் முதலில் வந்து காட்டுகிறது... இதற்கு என்ன அர்த்தம்?

அர்த்தம் கண்டுபிடிக்க விடவில்லை ஹெட்லி போவன். சந்தையை நடத்துபவர் அவர். வாட்டசாட்டமான பெரியவர். முன்பு இரண்டு பேர் ரீபெயின்ட் காரை ஒரிஜினல் என்று விற்று ஏமாற்றியதிலிருந்து, அவருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். எல்கன் சொன்னதையெல்லாம் பின்னால் நின்று கேட்டவர், லாரியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். முகம் இறுகியது.

"தம்பி, ஏமாந்துட்ட. இது ரீபெயின்ட்."

"என்ன சொல்றீங்க? ரிவிட் கூட கலையலையே!"

"ரிவிட் கலைஞ்சதே தெரியாம மூடற கை இந்த ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான்." அவர் நெரிஸைப் பார்த்தார். "ஏம்மா, போன வருஷம் இதே லாரியை இதே கலர்ல நீ வித்தியா இல்லையா?"

"வித்தேன். ரீபெயின்ட்னு பெரிசா எழுதி ஒட்டித்தான் வித்தேன். இது அது இல்ல, மிஸ்டர் போவன். என் ஊதாவுல நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

"வாசல்ல உன் சரக்கை ஒருத்தன் ஒரிஜினல்னு வித்துட்டு ஓடறான். நீ உள்ள உக்காந்து டீ குடிக்கற. நல்ல ஏற்பாடும்மா!"

பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நெரிஸ் எல்கனைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன்...

அவன் அவளைப் பார்த்தான். ஒரு நொடிதான். ஆனால் அந்த நொடியில் அவன் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. நீதானா என்ற கேள்வி.

கத்தியால் குத்தியிருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

"நான் பிரிச்ச எந்தக் காரா இருந்தாலும், மூடறதுக்கு முன்னாடி உள்பக்கம் என் பேரோட முதல் எழுத்தைக் கீறித்தான் மூடுவேன்," என்றாள். "திறந்து பாருங்க. என் எழுத்து இருந்தா நான் திருடி. தொழிற்சாலைப் பெயின்டுக்குக் கீழ வெறும் உலோகம்தான் இருக்கும். அப்படி இருந்தா என்னை விட்டுடுங்க."

"திறந்து ஒரிஜினலா இருந்துட்டா?" என்றார் ஹெட்லி. "ரிவிட்டைத் துளைச்ச அப்புறம் அது ஒரிஜினலே இல்லையே. அந்த நஷ்டம் இவனுக்குல்ல?"

எல்லாரும் எல்கனைப் பார்த்தார்கள். அவன் கை தானாக லாரியை மூடிக்கொண்டது. அப்படியே கோட்டுப் பைக்குள் போனது.

"என்னால... முடியாதுங்க," என்றான்.

"அப்ப சந்தை முடியறதுக்குள்ள உன் மேசையைக் காலி பண்ணிடும்மா. மத்த ஊர் சந்தைக்காரங்ககிட்டயும் நான் சொல்லியாகணும்."

ஆக, விட்ட வேலையும் போச்சு, வந்த வேலையும் போச்சு. நெரிஸுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒவ்வொரு காராகக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றியதையே மறுபடி பிரித்துச் சுற்றினாள்.

எல்கன் தயங்கித் தயங்கி வந்தான். "நெரிஸ்... நான் உங்களை நம்பறேன்."

"நம்பறவங்க கையைப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்க மாட்டாங்க, மிஸ்டர் ரோசர்."

"பத்து வருஷம்..."

"தெரியும். நான் குறை சொல்லல. உங்க லாரி, உங்க இஷ்டம். போங்க, நனையாம பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போங்க."

அவன் முகம் செத்துப்போயிற்று. அவள் திரும்பிக்கொண்டாள். இவன் முன்னால் அழுதால் அதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஒரு பெட்டியைத் தூக்கிப்போய் மழையில் நனைந்தபடி வண்டியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கிர்ர்ர் என்று ஒரு சத்தம். அவளுக்கு மனப்பாடமான சத்தம்! மேசையைப் பார்த்தாள். ரிவிட்டைத் துளைக்கும் அவளுடைய குட்டி ட்ரில் அங்கே இல்லை.

ஹெட்லியின் மேசையைச் சுற்றிக் கூட்டம். விலக்கிக்கொண்டு ஓடினாள். நடுவில் எல்கன். இடது கையில் வெளிர் ஊதா லாரி தலைகீழாக. வலது கையில் அவள் ட்ரில். பஸ் எஞ்சினைக் கழற்றிப் போடுகிற கை, இப்போது ட்ரில் முனையை ரிவிட்டின் மேல் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது.

"நிறுத்துங்க! என்ன பண்றீங்க? அது ஒரிஜினலுங்க! எனக்கு நல்லாத் தெரியும்!"

"எனக்கும் தெரியும். அதனாலதான் திறக்கறேன்."

"பைத்தியமா உங்களுக்கு? குடுங்க இப்படி!"

"நீங்க தொடக்கூடாது. அப்புறம் அதுக்கும் ஏதாவது சொல்லுவாங்க." உதட்டைக் கடித்துக்கொண்டான். "எப்படிப் பிடிக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் குனிந்தாள். தலையும் தலையும் இடித்துக்கொள்ளும் நெருக்கம்... அவன் கோட்டில் மழை வாசனை.

"அழுத்தாதீங்க... அது தன் எடையிலேயே இறங்கும். நேரா... மெதுவா..."

பளபளவென்று ஒரு உலோகச் சுருள் எழும்பி மேசையில் விழுந்தது. கூட்டத்தில் யாரோ "ச்சோ" என்றார்கள். இனி திருப்ப முடியாது. இரண்டாவது ரிவிட்டும் போயிற்று. எல்கன் நகத்தால் அடித்தகட்டை நெம்பினான். லாரி இரண்டாகப் பிரிந்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. அப்படியே ஹெட்லியிடம் நீட்டினான்.

ஹெட்லி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். ஊசி முனையால் ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். மழை கூரையில் தடதடத்தது.

"எழுத்து இல்ல," என்றார் கடைசியில். குரல் கம்மியிருந்தது. "உரிச்ச தடமும் இல்ல. தொழிற்சாலையில பூசினதுதான். இதை யாருமே திறந்ததில்ல... இன்னிக்கு வரைக்கும்."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தப்பு என் மேலதாம்மா. எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் கேட்டுக்கறேன். என்னை மன்னிச்சிடு. அடுத்த சந்தையில வாசலுக்கு நேரா முதல் மேசை உனக்குத்தான்."

நெரிஸ் தலையை மட்டும் ஆட்டினாள். அவளுக்கு அவர் சொன்னதே சரியாகக் காதில் விழவில்லை. எல்கன் கூட்டத்தை விட்டு நழுவிக்கொண்டிருந்தான். துரத்திப் போய் அவளுடைய காலி மேசையருகே கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க? பத்து வருஷம் தேடினதை அஞ்சு நிமிஷத்துல பாழாக்கிட்டு..."

"உங்களைச் சந்தேகப்பட்டேன். ஒரு நொடிதான், ஆனா பட்டேன். அப்ப உங்க முகம் போன போக்கு இருக்கே..." அவன் கீழே பார்த்தான். "அந்த லாரியை அலமாரியில வெச்சு தினம் பாத்தா, எனக்கு அந்த முகம்தான் தெரியும். அப்படி ஒரு ஒரிஜினல் எனக்கு வேண்டாம்."

"என்னைப் பாத்து அரை நாள் கூட ஆகல!"

"தெரியும். எனக்கே பயமாத்தான் இருக்கு." நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது கேள்வி எதுவும் இல்லை. "உங்களைப் பிடிச்சிருக்கு, நெரிஸ். ரொம்பப் பிடிச்சிருக்கு. சொல்லாம வீட்டுக்குப் போனா தூங்கவே மாட்டேன்."

காலையிலிருந்து நிலைகொள்ளாமல் தவித்த மனசு, சட்டென்று ஓரிடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு. போதுமா? முட்டாள்... சரியான முட்டாள்! எல்லாரும் பாக்கறாங்க, சும்மா நிக்காதீங்க. அந்தப் பக்கத்தைப் பிடிங்க, மேசையை மடிக்கணும்."

எல்கன் அந்தப் பக்கத்தைப் பிடித்தான். அவள் இந்தப் பக்கத்தைப் பிடித்தாள். வெகு நேரம் ஆகியும் மேசை மடியவே இல்லை.